காலித் தட்டு

மார்ச் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம், சரக்குக் கிடங்கு முதலாளியின் வீட்டில், மேற்பார்வையாளரின் தட்டில் ஒரு முழுக் கோழித்தொடை வந்து விழுந்தது.

எடை குறைவதற்காக அவருடைய இரைப்பையை அறுவைச் சிகிச்சையில் ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். எடை இறங்கியது. ஆனால் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல் உள்ளே போனால் நெஞ்சை அடைக்கும், விக்கல் வரும், அப்புறம் குளியலறைக்கு ஓட வேண்டும். அலுவலகத்தில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு எடுத்திருந்தார். புதுக் கிடங்குக்கு யாரைத் தலைமையாகப் போடுவது என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்த நேரம். உண்மை தெரிந்தால் நோயாளி என்று ஒதுக்கிவிடுவாரே!

"என்ன, கொறிச்சுக்கிட்டே இருக்கீங்க? சாப்பிட முடியலையா?" என்றார் முதலாளி. மேஜை விளிம்பு அவர் தொப்பையில் பதிந்திருந்தது.

"சேச்சே, ரசிச்சு சாப்பிடறேன் சார்."

ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அப்படி மென்றும் சீக்கிரமே வயிறு கதவைச் சாத்திவிட்டது. முதலாளி தண்ணீர் குடிக்க அண்ணாந்த நேரம் பார்த்து, தொடை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் தட்டுக்குக் குடிபெயர்ந்தது.

"எனக்கென்ன ரெண்டு வயிறா?" என்றாள் அவள், உதடு அசையாமல்.

"கத்தாதம்மா. புதுக் கிடங்கு."

முதலாளியம்மா காலித் தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா! இந்தாங்க."

இரண்டு துண்டு, கூடவே ஒரு குவியல் உருளைக்கிழங்கு. அதெல்லாம் மனைவியின் கைப்பைக்குள் போனது.

"இது பையா, குப்பைத்தொட்டியா? சீப்பு இருக்கு உள்ள!"

"புது சீப்பு வாங்கித் தரேன்."

தட்டு மறுபடி காலி. அகப்பை மறுபடி வந்தது. போதும் என்று கையால் மறைத்துப் பார்த்தார். விரலிடுக்கில் குழம்பு இறங்கியது.

"கூச்சப்படாதீங்க," என்றார் முதலாளியம்மா.

இந்தமுறை பாதியை மிச்சம் வைத்துப் பார்ப்போம் என்று கையைத் துடைத்தார். முதலாளியின் முகம் தொங்கிவிட்டது.

"அவ்வளவுதானா? இதுக்கு மேல இறங்காதா?"

"யார் சொன்னது சார்?"

மனைவியின் பை மூட மறுத்தது. மிச்சக் கோழி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி, அவருடைய சட்டைப் பைக்குள் இறங்கியது.

தட்டைப் பார்த்த முதலாளி எழுந்து வந்து அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சட்டைப் பையில் ஏதோ நசுங்கியது. நெஞ்சில் சூடாக வழிந்தது.

"மனுஷன்யா நீங்க! நான் கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் பக்கம் வரமாட்டேன். புதுக் கிடங்கு இனிமே உங்க பொறுப்பு."

வாசலில், மனைவி கைப்பையைத் தூரமாகப் பிடித்தபடி காருக்குப் போனாள். மேற்பார்வையாளர் கையை மார்பில் வைத்துக் குழம்புக் கறையை மறைத்தபடி விடைபெற்றார். முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிங்க. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டரோட வெயிட்டிங் ஹால்ல உங்களைப் பார்த்த அன்னிக்கே இந்த விருந்தை முடிவு பண்ணிட்டேன். வயித்தைச் சுருக்கினா அப்புறம் சாப்பிடவே முடியாதுன்னு அடம்பிடிச்ச எங்க வீட்டுக்காரர், நீங்க சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துட்டு, நாளைக்கே அட்மிட் ஆகறாரு."