நூற்று அறுபத்தைந்து இஞ்ச் பனிவண்டியும் நான்கு தேசிக்காயும்

நம் ஆட்கள் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். பள்ளிக்கூடச் சட்டை என்றால், 'வளர்ற பிள்ளைதானே' என்று தோள்பட்டைத் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் பதினைந்து பேருக்குச் சோறு வைக்கிற குக்கர் இருக்கும். (எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன.) இந்தக் குணத்தால் பொதுவாக யாருக்கும் பெரிய கெடுதல் வருவதில்லை. நான்தான் அதைப் பனியில் ஓடுகிற ஒரு வண்டியின் மீது பிரயோகித்துப் பார்த்தேன்.

நான் திருநெல்வேலிக்காரன். பனி என்றால் எனக்கு மார்கழி மாதம் அதிகாலையில் மப்ளர் கட்டிக்கொள்ள ஒரு காரணம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வேலைக்கு ஆக்லாந்து வந்து, சுதாவைக் கல்யாணம் செய்துகொண்டு, பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கி உட்கார்ந்தேன். சுதாவின் குடும்பம் யாழ்ப்பாணம். அவளுடைய அம்மாவும் தம்பி தீபனும் பிளாக்ஹவுஸ் பேயில் இருந்தார்கள். மாமா நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழிந்தும் அங்கே எனக்கு 'இந்தியன் மாப்பிள்ளை' என்றுதான் பெயர். மரியாதைக்குக் குறைவில்லை, முதல் தட்டு எனக்குத்தான் வரும். ஆனால் முக்கியமான குடும்ப விஷயம் என்றால் மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் என் இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தீபன் வங்கி ஒன்றில் வேலை பார்த்தான். ஒரு குளிர்காலம் லீவு போட்டுத் தெற்குத் தீவில் பனிமலைப் பக்கம் உதவிக்குப் போனவன், திரும்பி வந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டான். மலைமேல் ஒரு பண்ணைக்காரரின் பழைய குடிசையில் சுற்றுலாக்காரர்களைத் தங்கவைப்பது, அவர்களைப் பனிவண்டியின் பின்னால் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்து மேலே கொண்டுபோவது, இதுதான் அவனுடைய தொழில் திட்டம். மாமி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பண்ணைக்காரர் சம்மதித்துவிட்டார், இங்கே குளிர்காலமான ஜூலையில் முதல் கூட்டம் வருவதாகவும் உறுதியாகிவிட்டது. வண்டி ஒன்றுதான் பாக்கி. வண்டி சரியில்லை என்றால் அவனுக்குத் தொழிலும் இல்லை, திரும்பிப் போக வேலையும் இல்லை.

அந்தச் சமயத்தில் நான் இடியப்பத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "வண்டிய நான் பாத்துக்குறேன்" என்றேன்.

இரண்டு மாதம் வீடியோ பார்த்தேன். பனிவண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் டாங்கிக்கு இருப்பதுபோல் சுற்றி ஓடுகிற ஒரு ரப்பர் பட்டை. அதைத்தான் ட்ராக் என்கிறார்கள். ட்ராக் நீளமாக இருந்தால் எடை பரவும், ஆழமான பனியில் வண்டி புதையாமல் மிதக்கும். குட்டையாக இருந்தால் வளைவில் சுலபமாகத் திரும்பும். பட்டையில் உள்ள பல் உயரமாக இருந்தால் தளர்ந்த பனியை மண்வெட்டி மாதிரி வாரிப் பின்னால் தள்ளும். இதையெல்லாம் படம் போட்டு, பிளாக்ஹவுஸ் பே வரவேற்பறை டிவியில் மாமிக்கும் சுதாவுக்கும் தீபனுக்கும் விளக்கினேன். மாமி கடைசிவரை அமைதியாகக் கேட்டுவிட்டு, "தேத்தண்ணி போடட்டோ?" என்றார்.

புக்கெகோஹியில் வெங்காயக் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு ஷெட்டில், கனடாவிலிருந்து வந்த பழைய வண்டிகள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. ஒன்றின் ட்ராக் நூற்று முப்பத்தேழு இஞ்ச், பல் குட்டை. மற்றது நூற்று அறுபத்தைந்து இஞ்ச், ஒவ்வொரு பல்லும் என் நடுவிரல் உயரம். தீபன் சின்னதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தான், நான் போற பாதை இறுகின பாதை. ஆத்தோரமா வளைஞ்சு வளைஞ்சு போகும். ஆழமான ஸ்னோ வருஷத்தில ஒண்டு ரெண்டு நாள்தான் வரும். சின்னது காணும் எண்டு நினைக்கிறன்."

"அந்த ஒண்ணு ரெண்டு நாள்ல மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ தீபன்? பெருசுல சின்ன வேலை பாக்கலாம். சின்னதுல பெரிய வேலை பாக்க முடியுமா?"

குக்கர் வாங்கும்போது என் அப்பா சொன்ன அதே வாதம். தீபன் சின்ன வண்டியின் கைப்பிடியை ஒரு முறை தொட்டுப் பார்த்தான். அத்தான் சொல்லி மறுப்பதா என்று யோசித்திருப்பான். பிறகு, "ஓம், நீங்கள் வடிவாப் பாத்துத்தானே சொல்லுறியள்" என்றான். பெரியது வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். சஸ்பென்ஷனையும் நானே சரிசெய்தேன். ஆழமான பனியில் வண்டியின் மூக்கு மேலே எழும்ப வேண்டும், இல்லையென்றால் பனிக்குள் குத்திக்கொள்ளும். முன்பக்கம் கட்டியிருக்கிற ஒரு வாரைத் தளர்த்தி, பின் ஸ்பிரிங்கையும் இளக்கிவிட்டால், வேகம் கொடுத்ததும் எடை பின்னால் சாய்ந்து மூக்கு தூக்கும். வாரை எவ்வளவு தளர்த்துவது என்று வீடியோவில் சொன்னார்கள். நான் இன்னும் ஒரு துளை சேர்த்துத் தளர்த்தினேன். (வளர்ற பிள்ளைதானே.)

கிளம்புகிற நாள் வந்தது. மதியம் புறப்பட்டால்தான் நிதானமாக ஓட்டி மறுநாள் காலை வெலிங்டனில் ஃபெர்ரியைப் பிடிக்க முடியும். மாமி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தேங்காய், கற்பூரம், நான்கு எலுமிச்சம்பழத்தோடு பிளாட் புஷ்ஷில் வந்து இறங்கினார். புது வண்டிக்குப் பூஜை போட்டு, பழத்தின் மேல் ஏற்றி நசுக்காமல் கடல் தாண்டி அனுப்புவதா? அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஈழமும் தமிழ்நாடும் முழுமையாக ஒத்துப்போகிற விஷயங்களில் இது ஒன்று.

"தேசிக்காய எங்க வைக்கிறது? இதுக்குச் சில்லு இல்லையே" என்றார் மாமி, சக்கரத்தைத் தேடிக் குனிந்து பார்த்துவிட்டு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு மாதப் படிப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எடை முழுக்க ட்ராக்கில்தான் இறங்கும் என்பதால் நான்கையும் ட்ராக்குக்கு அடியிலேயே வைக்கச் சொன்னேன். இன்னொரு நுணுக்கமும் எனக்குத் தெரிந்திருந்தது. ட்ராக் உரசி ஓடுகிற பிளாஸ்டிக் தண்டவாளத்தைப் பனிதான் குளிர்விக்கும். காய்ந்த தரையில் ஓட்டினால் உருகிவிடும். ஆகவே வண்டியைப் பின்பக்கப் புல்தரைக்குத் தள்ளிக்கொண்டுபோய், ஹோஸ் பைப்பை எடுத்து அரை மணி நேரம் தண்ணீர் அடித்தேன். ஆக்லாந்தில், ஜூலை மாதத்தில், ஒரு வாரமாக மழை பெய்து ஊறியிருந்த களிமண் தரைக்கு.

தீபன்தான் ஏறப் போனான். மாமி அவனைத் தடுத்தார்.

"மாமா இருந்தா அவர்தான் முதல் எடுத்திருப்பார். இப்ப நீங்கள்தானே மூத்தவர். நீங்கள் எடுங்கோ தம்பி."

உண்மையைச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். (உள்ளே கம்பளி லாங் ஜான்ஸ் போட்டிருந்தேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவு.) சுதா மட்டும் கிட்ட வந்து, "இஞ்சேருங்கோ, உங்களுக்கு இது ஓடத் தெரியுமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

மாமி வண்டிக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் பக்கத்தில் சுதா. சுதாவுக்குப் பக்கத்தில், படம் எடுப்பதற்காக, தீபன். மொத்தக் குடும்பமும் எனக்குப் பின்னால் நின்றது.

பனிவண்டியில் வேகம் கொடுப்பது வலது கைக் கட்டைவிரலால். ஒரு சின்ன நெம்புகோல், அழுத்தினால் போகும். பயந்துபோய்க் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரலும் சேர்ந்து இறுகும் என்பதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. அல்லது சொன்னபோது நான் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பேன்.

மெல்லத்தான் அழுத்தினேன். விரல் உயரப் பற்கள் களிமண்ணில் இறங்கின. இளக்கி வைத்த ஸ்பிரிங் படுத்தது. தளர்த்தி வைத்த வார் விட்டுக்கொடுத்தது. மூக்கு தூக்கியது. நான் விரும்பியபடியே, இன்னும் ஒரு துளை கூடுதலாகவே தூக்கியது. சறுக்குக் கட்டைகளுக்கு நடுவே எனக்கு வானம் தெரிந்தது. இறுக்கிப் பிடித்தேன். ட்ராக் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அடியில் கிடந்ததையெல்லாம் வாரிப் பின்னால் தள்ளியது. அடியில் கிடந்தவை, நான் அரை மணி நேரம் நனைத்த மண்ணும் நான்கு எலுமிச்சம்பழமும்.

நான் பின்பக்கமாக நழுவி விழுந்தேன். கைவிட்டதும் வண்டி தன் மூக்கை இறக்கிக்கொண்டு, சரிவில் அப்படியே சறுக்கி, பக்கத்து வீட்டு டேவிட்டின் வேலிப் பலகைகளைப் படுக்கவைத்து, அவருடைய முட்டைக்கோஸ் பாத்தியில் போய் நின்றது. விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற பாதுகாப்புக் கயிற்றை என் வேட்டி முடிச்சில் மாட்டியிருந்தேன். இன்ஜின் நின்றது. வேட்டி வண்டியோடு போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம். மாமியின் தட்டில் கற்பூரம் அணைந்து, அந்த இடத்தில் அரை எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "தம்பி, எங்கயும் அடிபட்டதோ?"

எனக்கு அழுகை வந்தது. தீபன் வேலி வழியாகப் போய் வண்டியின் முன் குனிந்தான். இடது சறுக்குக் கட்டையைத் திருப்புகிற கம்பி வளைந்திருந்தது. அவன் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலையை விட்டவன், அடுத்த வாரம் ஆட்களை வரச்சொன்னவன். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டேவிட் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், லாங் ஜான்ஸில் நின்ற என்னைப் பார்த்தார். "மேட், ஆக்லாந்தில் ஸ்னோ விழாது, தெரியும்தானே?" என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்க் கருவிப் பெட்டியை எடுத்து வந்தார். அவரும் தீபனும் கம்பியைக் கழற்றி, நிமிர்த்தி மாட்டினார்கள். நான் டார்ச் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். பகல் என்பதால் தேவைப்படவில்லை. தீபன் மண் காயாத தலையோடு, பனிவண்டியை ட்ரெய்லரில் ஏற்றிச் சாயங்காலம் புறப்பட்டு, விடிய விடிய ஓட்டி, ஃபெர்ரியைப் பிடித்துவிட்டான்.

பத்து நாள் கழித்துத் தெற்கிலிருந்து போன் செய்தான். இறுகிய பாதையில் வண்டி திரும்ப மாட்டேன் என்கிறதாம். பல் வாரிப்போடத் தளர்ந்த பனி இல்லாததால் அடிக்கடி சூடாகிச் சிவப்பு விளக்கு எரிகிறதாம். முதல் கூட்டத்தை ஒவ்வொரு வளைவிலும் இறக்கி, அவர்களையே தள்ளச் சொல்லி மேலே கொண்டுபோயிருக்கிறான். அவர்கள் அதையும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்து ரசித்தார்களாம். மலையில் மீட்புப் பணி செய்யும் ஒருவருக்கு ஆழப் பனிக்கு நீள ட்ராக் தேவைப்பட, அவருடைய நூற்று முப்பத்தேழு இஞ்ச் வண்டியோடு மாற்றிக்கொண்டான். அதைத்தான் இன்றைக்கும் ஓட்டுகிறான், நன்றாகவே ஓடுகிறது.

"அத்தான், ஒரு நாளைக்கு வாற பனிக்கு வாங்கக் கூடாது. எல்லா நாளும் இருக்கிற பனிக்குத்தான் வாங்கவேணும்" என்றான். சரிதான். அந்த வாரமே பெரிய குக்கரில் ஒன்றைக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பிளாக்ஹவுஸ் பே வீட்டில் என் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. தங்கள் வாயில் மண்ணடித்த ஒருவனை இனியும் வெளியாள் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்கிப் பூஜை போட்டாலும், கற்பூரம் ஏற்றியதும் எல்லோரும் சத்தமில்லாமல் இரண்டு பக்கமாக ஒதுங்கிவிடுவார்கள். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்பதில்லை. விவரம் தெரியாதவர்கள் ஏன் என்று கேட்டால், மாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது எங்கட வழக்கம்" என்பார்.

போன மாதம் கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஒரு இளம் தம்பதி புதுக் காருக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கை பார்க்கக் காருக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தப் பையன் மரியாதையாக என் கையைப் பிடித்து ஓரமாக விட்டான்.

"சாரி அங்கிள், பின்னாடி நிக்கக் கூடாது. சாஸ்திரம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க அங்கிள். ரொம்பப் பழைய வழக்கமாம்."

நான் தள்ளி நின்று கும்பிட்டுக்கொண்டேன்.