சூறாவளிக்கு முகம் கொடுத்தவர்

மனித குலம் இதுவரை மூன்று மாபெரும் சாதனைகளைச் செய்திருக்கிறது. நெருப்பை அடக்கியது, சக்கரத்தை உருட்டியது, சூறாவளி வரும்போது ஓடாமல் நின்று அதைப் படம் பிடித்தது. முதலிரண்டும் நடந்தபோது யாருக்கு எங்கே வலித்தது என்று குறிப்பு எதுவும் இல்லை. மூன்றாவது நடந்த அன்று டெல்பர்ட் ஹக்கபிக்கு இடுப்பு வலித்தது.

சாதாரண வலி இல்லை. விடிந்ததிலிருந்து அறுபது பவுண்டு எடையில் இருநூற்றுப் பத்துப் புல்கட்டுகளைத் தூக்கிக் கொட்டகையில் அடுக்கியிருந்தார். கடைசிக் கட்டுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. குனிந்தபடியே வீட்டுக்கு நடந்து வந்து, சமையலறைத் தரையில் மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஓக்லஹோமாவின் மேற்கு மூலையில் மே மாதக் கடைசியில் இதற்கு ஓய்வு என்று பெயர்.

அடுத்த அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வானிலை சொல்பவர் கோட்டைக் கழற்றினால் சூறாவளி உருவாகிறது, சட்டைக் கையை மடித்தால் நெருங்கிவிட்டது என்பது அந்த ஊர்க் கணக்கு.

"வனீட்டா, வானிலைக்காரன் கோட்டக் கழட்டிட்டானா?" என்று மனைவியைக் கேட்டார்.

"கழட்டிட்டான்."

"சட்டைக் கைய மடிச்சு விட்டானா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அரை மணி நேரம் படுக்கலாம்."

படுக்க விடவில்லை. வாசலில் ஒரு பெரிய வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஸ்டெர்லிங் வோஸ். உலகப் புகழ் பெற்ற சூறாவளிப் படக் கலைஞர். இடியைக் கண்டால் இறங்காதவர், இறங்கினால் நனையாதவர். அவருடன் ஐந்து "கலைப் பயணிகள்". ஐவரும் கடற்கரை நகரங்களில் நல்ல வேலையில் இருப்பவர்கள். விடுமுறைக்கு அழிவைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"ஐயா, வெறும் சூறாவளிய இப்ப யாரும் மதிக்கிறதில்ல. எங்கிட்டயே நாப்பதாயிரம் படம் இருக்கு. உலகம் கேக்கிறது என்ன தெரியுமா? ரியாக்‌ஷன்! சூறாவளி முன்னால ஒரு மனுஷ முகம். உழைச்ச முகம். உங்க முகம்" என்றார் வோஸ்.

டெல்பர்ட் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். தன் முகத்தை உலகம் கேட்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி. அவருக்கு அறுபத்தொரு வயது, இதுவரை வனீட்டாவே கேட்டதில்லை.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. காற்று அடிக்கும் நாளில் யார் வாசலில் வண்டியைத் திருப்பினாலும் அவர் விருந்தாளி. பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. சூறாவளிக்குப் பதுங்கும் புயல்குழிக்குள் முதலில் விருந்தாளி இறங்குவார், கடைசியில் வீட்டுக்காரர் இறங்குவார். டெல்பர்ட்டின் குழி கொல்லைப்புறத்தில் இருந்தது. அவரே மண்வெட்டியால் தோண்டி, சிமென்ட் பூசி, சாய்வாக இரும்புக் கதவு போட்டது. ஆறு பேர் உட்காரலாம்.

வனீட்டா அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"வந்திருக்கிறது ஆறு பேரு. நம்ம ரெண்டு பேரு. எண்ணத் தெரியுமாய்யா?"

"நெருக்கி உட்காந்துக்கலாம்."

"அவங்க நெருக்குவாங்க. நீ வாசப்படியில நின்னு, 'வாங்க வாங்க, கால் பாத்து'ன்னு வழி விட்டுக்கிட்டிருப்ப. சூறாவளியும் வரும். அதுக்கும் வழி விடுவ."

"அட, சும்மா இரு."

"நான் இன்னைக்கி விதவையாகத் தயாரா இல்ல. பீன்ஸ் அடுப்புல இருக்கு."

சங்கு ஊதியது. அடுத்த நொடியே அந்தச் சாலையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும், அரசு ஆணை வந்தாற்போல, வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். உள்ளே போகச் சொல்லி ஊதும் சங்கைக் கேட்டு வெளியே வருவது அங்கே மூன்று தலைமுறைப் பழக்கம். எதிர்வீட்டு கேலன் நாற்காலியும் கொண்டுவந்தார்.

"டெல்பர்ட்! சினிமாவா எடுக்கிறாங்க?"

"என் மூஞ்சிய எடுக்கிறாங்க!"

"பாவம், தூரத்திலிருந்து வந்திருக்காங்க போல!"

வோஸ் டெல்பர்ட்டை வராந்தா முன் நிறுத்தினார். டெல்பர்ட் கையில் ஐஸ் போட்ட தேநீருடன் நின்றார். தென்மேற்கில், இரண்டு தானியக் கிடங்குகளுக்கு நடுவே, மேகம் ஒரு விரலைக் கீழே இறக்கியது. விரல் தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் செம்மண் எழுந்தது.

கலைப் பயணிகள் கைதட்டினார்கள்.

"சார், ரியாக்‌ஷன்!" என்று கத்தினார் வோஸ்.

"குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இது பஸ்ஸுக்கு நிக்கிற ரியாக்‌ஷன். பயப்படுங்க! உங்க அம்மா செத்துப்போன மாதிரி நெனச்சுக்கங்க."

"அம்மா டல்சாவுல இருக்கு. இந்நேரம் பிங்கோ ஆடிக்கிட்டிருக்கும்."

"அப்ப வீடு பறந்து போற மாதிரி."

"போன தடவ போச்சுங்க. கட்டிட்டோம்."

டெல்பர்ட் தன்னால் ஆனதைச் செய்தார். கண்ணை உருட்டினார். வோஸ் அதைப் பல்வலி என்று நிராகரித்தார். வாயைத் திறந்தார். அது கொட்டாவி என்று நிராகரிக்கப்பட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்தார். இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது.

"அதேதான்! அப்படியே நில்லுங்க! மகத்தான பீதி!"

"இது பீதி இல்லைங்க. புல்கட்டு."

அதற்குள் வோஸ் கேமராவில் கண்ணைப் பதித்துப் பரவசத்தில் இருந்தார். "பாருங்க, அது நகரவே இல்ல! அந்த ரெண்டு கிடங்குக்கும் நடுவுல அப்படியே நிக்குது. போஸ் குடுக்குது!"

டெல்பர்ட் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. பெரிதாகிக்கொண்டு மட்டும் இருந்தது. எதிர்வீட்டு கேலனின் நாற்காலி காலியாக இருந்தது.

"தம்பி, அது நிக்கல. நேரா இங்கதான் வருது. எல்லாரும் குழிக்கு!"

அறுபது வருடப் பழக்கம் வீண் போகவில்லை. கொல்லைப்புறத்தில் இரும்புக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளைந்த இடுப்புடன், டெல்பர்ட் உபசரித்தார். "வாங்க. தலை இடிக்கும். வாங்கம்மா, கால் பாத்து." வனீட்டா பீன்ஸ் பானையுடன் இறங்கும்போது அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் வாய்யா!" "விருந்தாளி ஒருத்தர் பாக்கி" என்றார் டெல்பர்ட்.

பாக்கி விருந்தாளி வோஸ். மூன்று கேமராக்களுடன் இறங்கினார். படியில் திரும்பினார். திறந்த கதவு ஒரு சட்டம் போல இருந்தது. சட்டத்துக்குள் ஒரு விவசாயி. விவசாயிக்குப் பின்னால் பச்சை வானம். அதன் நடுவில் கறுப்புத் தூண். நாற்பதாயிரம் படத்தில் வாய்க்காத வெளிச்சம்.

கலை அவரைக் கேட்டுக்கொண்டது. கலை கேட்டால் கலைஞர் மறுக்க முடியாது. கதவை இழுத்து உள்சங்கிலியை மாட்டினார். காற்று கதவைப் பிடுங்காமலிருக்க டெல்பர்ட்டே போட்ட சங்கிலி. மாட்டினால் கதவு ஒரு சாண் மட்டும் திறக்கும். மனிதன் நுழைய முடியாது, லென்ஸ் நுழையும்.

"என்னய்யா பண்ற?" என்றார் டெல்பர்ட்.

"பத்து நொடி, சார்! வெளிச்சம் பிரமாதம்!"

"சங்கிலிய எடு!"

"ஒன்பது!"

டெல்பர்ட்டின் தொப்பி போனது. இரண்டு கையாலும் கதவை அறைந்தார். கொட்டகையின் கூரை, அவசரமே இல்லாமல், அவர் தலைக்கு மேல் பறந்து போனது. பின்னாலேயே இருநூற்றுப் பத்துப் புல்கட்டுகளும், அவர் ஒன்றொன்றாய் அடுக்கிய அதே வரிசையில், கிளம்பின. டெல்பர்ட் மண்டியிட்டு, இடுக்கில் முகத்தைப் பதித்து, வாயை அகலத் திறந்து கத்தினார்.

உள்ளே க்ளிக், க்ளிக், க்ளிக்.

மூன்று என்று வோஸ் எண்ணும்போது வனீட்டா பானையைக் கீழே வைத்தாள். அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பு. உலகப் புகழ் ஆறு படிகளில் தாடையால் இறங்கியது. வனீட்டா சங்கிலியைக் கழற்றினாள். டெல்பர்ட் புல்கட்டு போல் உருண்டு உள்ளே விழுந்தார். கதவு மூடியது. மேலே ரயில் ஓடுவதுபோல் ஒன்று வெகுநேரம் ஓடியது.

"உசுரோட இருக்கியா?" என்று இருட்டில் கேட்டாள் வனீட்டா.

"இடுப்பு சரியாயிடுச்சு" என்றார் டெல்பர்ட்.

வெளியே வந்தபோது வீடு இருந்தது, கொட்டகை இல்லை. வேன் கேலனின் குளத்தில் மிதந்தது. கலைப் பயணிகள் அதையும் படம் எடுத்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் டென்வரில் ஒரு விழா நடந்தது. 'அகில உலகச் சூறைக்காட்சிப் பேரவை' வோஸின் படத்துக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. படத்தின் தலைப்பு: 'இயற்கையின் முன் மண்டியிட்டுக் கடவுளை அழைக்கும் உழவன்'. திறந்த வாயின் கோணத்தில் ஆதி மனிதனின் பிரமிப்பு தெரிவதாக ஒரு பேராசிரியர் நாற்பது நிமிடம் விளக்கினார். ஒரு பெண்மணி அழுதார். "பேராபத்தை நெருங்கி நின்ற கலைஞரின் துணிச்சல்" என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஹக்கபி தம்பதியை மேடைக்கு அழைத்தார்கள்.

"அந்தப் புனிதமான நொடியில் கடவுளிடம் என்ன சொன்னீர்கள்?" என்று தலைவர் ஒலிபெருக்கியை நீட்டினார்.

"'கதவத் தொறடா, நாசமாப் போறவனே'ன்னு சொன்னேங்க" என்றார் டெல்பர்ட்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இறைவனிடம் இத்தனை உரிமையோடு பேசும் எளிய மனிதர்களை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

"ஐயோ, கடவுள இல்லைங்க. இவரத்தான்!" என்று டெல்பர்ட் வோஸைக் காட்டினார். கைதட்டல் இன்னும் கூடியது. வோஸ் தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டு தலை வணங்கினார். வனீட்டா மட்டும் ஒலிபெருக்கியை வாங்கி, "இந்தாளு எப்ப வெளிய நின்னாரு?" என்று கேட்டாள். அதை யாரோ அணைத்துவிட்டார்கள்.

ஆவணங்களுக்காக உண்மையைப் பதிவு செய்வது நம் கடமை. அந்தச் சூறாவளியை அத்தனை அருகில் நின்று பார்த்தவர் படத்துக்குள் இருந்தார். துணிச்சலுக்குப் பதக்கம் வாங்கியவர் மண்ணுக்குள் இருந்தார், அதுவும் அடுத்தவர் தோண்டிய மண்ணுக்குள். ஒரு மனிதனின் உயிரிலிருந்து, அவனைக் கேட்காமல், அவன் வீட்டுக் கதவை மூடி எடுத்தது ஏழு நொடி. ஸ்டெர்லிங் வோஸ் டெல்பர்ட் ஹக்கபிக்கு அந்த ஏழு நொடியைக் கடன்பட்டிருக்கிறார். இன்னும் தரவில்லை.