சாயம் இறங்கிய சாட்சி

திம்புள்ள,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் கந்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே வானத்தைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் மகள், என் மருமகள் சுலக்ஷனாவும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

"மாப்பிள்ளைப் பையனப் போய்ப் பாருங்கண்ணே. பாத்த அன்னைக்கே எழுதிப் போடுங்க, ஆற வெச்சா கதை கட்டிருவீங்க" என்று சொல்லியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. தேயிலை ஃபெக்டரியில் முடி நரைத்தவன் நான். தூளைப் போட்ட உடனே குடித்தால் அது வெந்நீர். சாயம் இறங்க வேண்டாமா? ஞாபகமும் அப்படித்தான். அதனால்தான் இரண்டு வாரம் பொறுத்து எழுதுகிறேன்.

ஹட்டனில் பையன் விஜிதரன் வேலை செய்யும், முதலாளி பைஸர் நானாவின் துணிக்கடைக்கு எதிரே, நானும் உன் அண்ணி மீனம்மாவும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அடைமழை. வயதான அம்மா ஒருத்தி நனைந்துகொண்டு நிற்க, பையன் குடையோடு ஓடிவந்து ரோட்டைக் கடக்க வைத்தான். அன்று மாலை எனக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான். இரண்டு நாள் போனதும், அந்த அம்மாவின் மூட்டையைத் தூக்கியதும் அவன்தான் என்று தெளிவாயிற்று. கோயிலில் கும்பிடும்போது, அவன் தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தது நினைவு வந்தது. நேற்றுக் குளிக்கும்போதுதான், நடுரோட்டில் நின்று பஸ்ஸையே மறித்தது ஞாபகம் வந்தது! இன்னும் பொறுத்தால் என்னென்ன வருமோ. ஆனால் அடுத்த ஞாயிறன்று நீ பையன் வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. தங்கமான பையன் தங்கச்சி. கண்ண மூடிக்கிட்டு நம்ம பிள்ளையக் குடுக்கலாம். எழுதும்போதே எனக்குக் கண் கலங்குது.

பிள்ளைக்கு மாமனின் ஆசி. மழையில் நனையாதே.

இப்படிக்கு,
அண்ணன் கந்தப்பன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டாள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே சுலக்ஷனாவுக்கு அனுப்பியதாம்: "கொடை பிடிக்கிறது கடை மொதலாளிதான் பிள்ள. நம்ம பையன் உள்ள நின்னு போன நோண்டுறான்... இந்தா, எறங்கி வாறான். ரோட்டுல நனையிற நாய்க்குட்டியத் தூக்கிட்டுக் கடைக்குள்ள போறான். புதுச் சீலையெல்லாம் சேறு. மொதலாளி ஏசுறாரு. இவன் சிரிச்சிக்கிட்டே தொடைக்கிறான்."

நாய்க்குட்டியை நான் பார்க்கவே இல்லை. சுலக்ஷனா அதைக் கேட்ட அன்றே சரி சொல்லிவிட்டாளாம். "மாமா ஆசையா எழுதட்டும் அத்தை, அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாளாம். எனக்குச் சாயம் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டது. மேலே நான் எழுதிய மாப்பிள்ளை பைஸர் நானா. அவருக்கு மூன்று பிள்ளைகள். மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம்.