உலகநாதன் ஐயாவின் பின்வரிசை

கல்வெட்டு ஆராய்ச்சி நூல் ஒன்றை அலமாரியிலிருந்து உருவியதும், அதன் பின்னாலிருந்து ஒரு வீடியோ கேசட் சரிந்து சம்பத்தின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

வலியை விழுங்கிக்கொண்டு குனிந்து எடுத்தான். துக்க வீட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கத்த முடியாது. கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த தாளில், காலஞ்சென்ற உலகநாதன் ஐயாவின் முத்துமுத்தான கையெழுத்தில், ‘தலை தனியாகச் சிரிக்கும் படம், இரண்டாம் பாகம்’ என்று எழுதியிருந்தது.

ஏதோ தவறி வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த சித்தாந்த நூலை எடுத்தான். அதன் பின்னால், ‘ஓநாயாக மாறும் டாக்டர். நல்ல பிரதி.’ நிலவியல் நூலுக்குப் பின்னால், ‘கிணற்றுக்குள் ஒரு கல்யாணம். இடைவேளைக்கு மேல் பயம் அதிகம்.’ சம்பத் மேல்தட்டையும் பார்த்தான், கீழ்த்தட்டையும் பார்த்தான். முன்வரிசையில் அறிவு எவ்வளவு நீளத்துக்கு இருந்ததோ, பின்வரிசையில் பேய் அவ்வளவு நீளத்துக்கு இருந்தது.

மறுநாள் மாலை ஐயாவின் படத்திறப்பு விழா.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் உலகநாதன் ஐயா என்றால் படிப்பு, படிப்பு என்றால் உலகநாதன் ஐயா. ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் பகலெல்லாம் அவர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கும்; பஸ்ஸுக்குப் போகிற ஜனங்கள் சுவர் முழுக்க அடுக்கிய தடித்தடி புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள். கல்வெட்டு, சித்தாந்தம், வர்மக்கலை, தென்னை நோய்கள், ரயில்வே சட்டம், ஜெர்மன் மொழியில் ஏதோ ஒன்று. ஒரே மனிதர் இத்தனை துறையிலும் கால் வைத்திருக்கிறாரே என்று குடியிருப்பே வாய் பிளந்தது. யாராவது இரவல் கேட்டால், "எடுத்தா வரிசை கலையும்" என்பார். அது பெரிய ஒழுக்கமாகப் பேசப்பட்டது. கூட்டங்களில் கருத்துக் கேட்டால், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். என்ன அடக்கம் பாருங்கள் என்று ஊர் மெச்சியது.

சம்பத் லேத் மெஷினில் நிற்கிறவன். பத்தாவதோடு நின்றுபோன படிப்பைத் தபால் வழியில் பி.ஏ. வரை இழுத்துக்கொண்டு போனது அந்த ஜன்னலைப் பார்த்துப் பார்த்துத்தான். குடியிருப்பு வாசகசாலைக்கு அவனே செயலாளர். வாசகசாலை என்பது சமுதாயக் கூடத்து மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. நாளைய விழாவுக்கு வருகிற பெரிய ஆபீசர் மனது வைத்தால் அதற்குத் தனி அறை கிடைக்கும், அறைக்கு ஐயாவின் பெயர் வைக்கப்படும். படத்துக்கு முன்னால் காட்சிக்கு வைக்கப் புத்தகம் எடுக்கத்தான் இப்போது வந்திருந்தான்.

"கைல இன்னா தம்பி அது?"

ஐயாவின் மனைவி ஞானம்மாள் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"இதுவா... ஐயா பேசினதும்மா. சொற்பொழிவு. பதிவு பண்ணி வச்சிருக்காரு."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று சம்பத்தே எதிர்பார்க்கவில்லை.

ஞானம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரு கொரலா? இதுலயா கீது?"

"ஆமாம்மா."

"ராத்திரியானா கதவ சாத்திகினு படிக்கறவருப்பா. டிவியும் அதுக்கடில ஒரு பொட்டியும் கூட அந்த ரூம்லயே வெச்சுகினாரு, செய்தி கேக்கணும்னு. எனுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு காதுல ஒண்ண மாட்டிக்குவாரு. நடுநடுவுல ஐயோன்னு ஒரு சத்தம் வரும். எவ்ளோ ஒன்றிப் போயிப் படிக்கறாரு மனுசன்னு நெனச்சுகினு நா திரும்பிப் படுத்துக்குவேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போட்டோ கீது, சட்ட கீது, கண்ணாடி கீது. கொரல்தான் இல்லையேன்னு தவிச்சுகினு இருந்தேன். நாளிக்கு விழாவுல இத்தப் போட்டுக் காட்டு தம்பி. ஒரு தபா கேட்டுக்கறேன்."

சம்பத் சுவரைப் பார்த்தான். இந்த அம்மாளிடம் உங்கள் கணவர் ஐயோ என்று கத்தியது தலை தனியாகச் சிரித்ததற்காக என்று எப்படிச் சொல்வது? செத்துப்போன மனிதர் வந்து பதில் சொல்லப் போகிறாரா? அவர் மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக அவனுக்குப் பட்டது. கட்டைவிரல் வேறு தெறித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்துலயும் பூஞ்சை புடிச்சிருக்கும்மா. தொடச்சாத்தான் ஓடும். எடுத்துனு போய் சரி பண்ணி வைக்கறேன்."

ஞானம்மாளே சமையலறையிலிருந்து அரிசிச் சாக்கு கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கேசட்டையும் லேபிள் உள்பக்கம் போகும்படி திருப்பித் திருப்பிப் போட்டான் சம்பத். மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது குடியிருப்புச் சங்கத் தலைவர் குணசேகரன் எதிரே வந்தார்.

"என்ன சம்பத், புத்தகமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஞானம்மாள் சொல்லிவிட்டாள். "அவரு பேசின பேச்சு அத்தினியும் அதுலதான் சார் கீது. நாளிக்குத் தம்பி போட்டுக் காட்டுது."

குணசேகரனுக்கு ஒரு விஷயம் காதில் விழுந்தால் அது மைக்கில் வராமல் இருக்காது. பொழுது சாய்வதற்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று குடியிருப்பைச் சுற்றி வந்தது. பேரறிஞர் உலகநாதனார் தம் வாழ்நாளெல்லாம் ஆற்றிய அரிய உரைகள் நாளை திரையில் காட்டப்படும், அனைவரும் வருக என்று அது அழைத்தது.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டருகே மனோகரன் வீடியோ கடை வைத்திருந்தான். கேசட் வாடகைக்கு விடுவான். கல்யாணத்துக்குப் படமும் எடுப்பான். சம்பத் மூட்டையோடு உள்ளே நுழைந்ததும் அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"இன்னா அண்ணாத்தே, ரேஷன் கடைலேர்ந்து நேரா இங்க வந்துகினியா?"

"மனோகரா, யாராவது பெரியவர் பேசின கேசட் ஒண்ணு வேணும். மூஞ்சி சரியாத் தெரியாம இருந்தா ரொம்ப நல்லது."

மனோகரன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கை அதற்குள் சாக்குக்குள் போயிருந்தது. ஒரு கேசட்டை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான். முகம் கோயில் கர்ப்பகிரகத்துக்கு முன்னால் நிற்கிறவன் முகம் போல ஆகிவிட்டது.

"தல தனியா சிரிக்கற படம், ரெண்டாம் பாகம். இத்த நா எவ்ளோ நாளா தேடறேன் தெரியுமா? பர்மா பஜார்ல கேட்டா அப்டி ஒண்ணு எடுக்கவே இல்லன்னு சாதிக்கறான். யார்து அண்ணாத்தே இதெல்லாம்?"

சம்பத் வாசல் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

"என்னுதுதான்."

"ஒன்னுதா? மூஞ்சியப் பாத்தா எறும்பக் கூட மிதிக்க மாட்டேன்ற மாதிரி கீற. உள்ள இம்மாம் பேய வெச்சுகினா கீற?"

மனோகரனின் மரியாதை ஒரேயடியாக ஏறிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தான். ஓநாயாக மாறும் டாக்டர் கடைசியில் குணமாகிறாரா இல்லையா என்பதில் சம்பத்தின் அபிப்பிராயம் கேட்டான். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றான் சம்பத். மூட்டையைச் சில நாள் கடையில் விட்டுவைத்தால் கேட்டதைத் தருவதாக மனோகரன் ஒப்புக்கொண்டான். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் உலகநாதன் ஐயாவே மணமக்களை வாழ்த்திப் பேசியதை அவன் படமெடுத்திருந்தான். அந்தக் கேசட்டைத் தேடிக் கொடுத்தான்.

ஐயாவின் நிஜமான குரல். சம்பத் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினான். கண்டம் தாண்டியது என்று நினைத்தான்.

தாண்டவில்லை. மனோகரனுக்குச் சந்தோஷத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாள் காலை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம், வாசகசாலைச் சம்பத் அண்ணனிடம் இருக்கிற பேய் இந்தியாவிலேயே யாரிடமும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள் சேதி தொழிற்சாலைக்குள் வந்துவிட்டது. கேன்டீன் வரிசையில் சம்பத்துக்கு முன்னால் நின்றவர் சற்றே நகர்ந்து நின்றுகொண்டார்.

மாலை, விழா தொடங்குமுன் குணசேகரன் அவனை மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மனோகரன் கடையில ஒரு மூட்டை பேய்ப்படம் இருக்காமே. உங்களுதுன்னு சொல்றான்."

சம்பத் கூடத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் ஞானம்மாள் புதிதாகத் துவைத்த புடவையில், டிவிப் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். டிவி இன்னும் போடவே இல்லை.

"ஆமா சார். என்னுதுதான்."

"ஐயா பேச்சையும் அந்தக் கண்றாவியையும் ஒரே சாக்குலயா போட்டுக் கட்டினீங்க?"

"தப்புதான் சார்."

குணசேகரன் பெருமூச்சு விட்டார். "ஐயா பேர்ல அறை வரப்போகுது. அதுக்குச் செயலாளர் இந்த மாதிரி ஆளுன்னு ஆபீசர் காதுக்குப் போனா அறையே கெடைக்காது. மனசுல வெச்சுக்காதீங்க. சாவியக் குடுத்துடுங்க."

சம்பத் இடுப்பிலிருந்து வாசகசாலைச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தான். அந்த மாடிப்படி அடியில் ஒவ்வொரு பத்திரிகையாகத் தூசு தட்டி அடுக்கியவன் அவன். அழுகை வந்தது. ஐயாவுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆபீசர் வந்து படத்தைத் திறந்துவைத்தார். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். பிறகு மனோகரன் கேசட்டைப் போட்டான். கல்யாண மேடை தெரிந்தது. மாலையும் கழுத்துமாக மணமக்கள். பக்கத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு உலகநாதன் ஐயா. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அடுத்து பந்தியில் யாரோ பாயசம் குடித்தார்கள். மனோகரன் அவசரமாக நிறுத்தினான். சம்பத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொரு தபா போடுப்பா," என்றாள் ஞானம்மாள்.

பின்னால் சுற்றிப் போட்டான். "ரெண்டு பேரும் நல்லா இருங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். சம்பத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. செயலாளர் பதவி போனால் போகட்டும், இந்த ஒரு முகத்துக்காகச் சொன்ன பொய்க்கெல்லாம் தன்மேல் குற்றமில்லை என்று தோன்றியது.

ஆபீசரும் உருகிப்போயிருந்தார். எழுந்து நின்று, எத்தனை பெரிய படிப்பு இருந்தால் இத்தனை சின்ன வாக்கியம் வரும் என்றார். வாசகசாலைக்கு அறை உண்டு என்றும் அறிவித்தார். கூடம் கைதட்டியது. சம்பத் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான்.

"ஒரே ஒரு வேண்டுகோள்," என்றார் ஆபீசர். "ஐயா எதையெல்லாம் விரும்பிப் படித்தார் என்று அவரோடு பழகிய யாராவது சொல்ல வேண்டும். அந்த வகை நூல்களையே அறைக்கு வாங்கித் தரச் சொல்கிறேன்."

குணசேகரன் மேடையில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருவர் செருப்பைத் தேடினார். இத்தனை வருஷத்தில் ஐயாவோடு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசியவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. ஆபீசரின் நெற்றி சுருங்க ஆரம்பித்தது.

கடைசி வரிசையில் கையில் மாலையோடு ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். நசரத்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிற வேம்புலியம்மாள். வரும்போதே சம்பத்திடம், "ஐயா புக்கு அத்தினியும் என்னாண்ட வாங்கினதுதான் நைனா" என்று சொல்லியிருந்தாள். சம்பத்துக்குப் பொறி தட்டியது. சாவி போனாலும் புத்தி போகவில்லையே. நேரே மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தான்.

"ஐயாவோட நூல் தேடலைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க ஒருத்தர் வந்திருக்காங்க. வேம்புலியம்மா, மேடைக்கு வாங்க."

வேம்புலியம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். படத்துக்கு மாலையைப் போட்டுக் கும்பிட்டாள். மைக்கைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினாள்.

"எனுக்குப் பேசல்லாம் தெரியாது சார். தங்கமான மனுசன். மாசா மாசம் நம்ம கடைக்கு வந்துடுவாரு. மழ பேஞ்சாலும் வருவாரு. கட்டு கட்டா புக்கு கெடக்கும், கீழ குந்திகினு ஒண்ணொண்ணா எடுத்து நிக்க வெச்சுப் பாப்பாரு. அவசரப்படவே மாட்டாரு. பத்து புக்கு பாத்தா ஒண்ணு எடுப்பாரு."

"என்ன தேர்வு பாருங்கள்," என்றார் ஆபீசர் பக்கத்தில் இருந்தவரிடம். ஞானம்மாள் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சம்பத் நேற்றிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான்.

குணசேகரன் மைக்கருகே குனிந்தார். "எந்த மாதிரி புக்குனா ஐயாவுக்கு ரொம்பப் புடிக்கும்? ஆபீசர் குறிச்சுக்கறாரு, அதச் சொல்லும்மா."

"அதெல்லாம் தொறந்து கூட பாக்க மாட்டாரு சார்," என்றாள் வேம்புலியம்மாள். "பையிலேர்ந்து ஒரு வீடியோ கேசட்ட எடுத்து புக்குக்குப் பின்னால நிக்க வெப்பாரு, கேசட்டு மறைஞ்சுதுன்னா, இதாம்மா நல்ல புக்குன்னு வாங்கிகினு பூடுவாரு."