அப்பா பெயிலாக வேண்டும்

"அப்பா, இந்த ஒரு பேப்பர்ல மட்டும் நீங்க பெயிலாயிடுங்க," என்றாள் மகள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருடமாக அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு. மிச்சம் ஒரே தாள், ஒப்பந்தச் சட்டம். மகள் சட்டக் கல்லூரியில் முதலாண்டு. அவளுடைய உதவித்தொகைப் படிவம் வருடா வருடம் கேட்கும்: குடும்பத்தில் பட்டதாரி யாராவது உண்டா? இருந்தால் உதவித்தொகை போச்சு. அது போனால் கல்லூரியும் போச்சு.

"பன்னெண்டு வருஷமா பெயிலானேன்னு திட்டுனீங்க. இப்ப பாஸாயிடுவேன்னு திட்டுறீங்க. மனுஷன் எதைத்தான் செய்யிறது?" என்றார் அப்பா.

"பரீட்சைக்கே போகாதீங்க," என்றாள் அம்மா.

"எங்க கம்பெனி மேனேஜர் அவர் கார்லயே கூட்டிட்டுப் போறாராம். உள்ளே அனுப்பிட்டுத்தான் கிளம்புவாராம்."

"அப்ப வெறும் பேப்பரைக் கொடுத்துட்டு வாங்க."

மகள் தேர்வு விதிகளைப் புரட்டினாள். ஒரு கேள்வியை விட்டாலும் தாள் செல்லாது. அடுத்த மாதமே மறுதேர்வு.

"வாய்க்கு வந்ததை எழுதுங்க!"

"மொத்தம் நூறு கேள்வி. எல்லாமே சரியா, தப்பா. கண்ணை மூடிட்டு எழுதினாலும் அம்பது வந்துடும். பாஸ் மார்க்கு நாப்பது."

மூவருக்கும் விஷயம் புரிந்தது. பெயிலாக வேண்டுமென்றால் படித்தாக வேண்டும்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று எழுந்தாள் மகள். "எனக்கும் அதே வாரம் ஒப்பந்தச் சட்டம்தான், அதே சரியா-தப்பா பரீட்சை. நமக்கு அது தண்ணி பட்ட பாடு. கேள்வித் தொகுப்புல ஒவ்வொண்ணுக்கும் நான் சரின்னு சொன்னா நீங்க தப்புன்னு போடுங்க. நான் தப்புன்னா, நீங்க சரி."

"உத்தரவு, வக்கீலம்மா."

அப்பா பாஸாவதற்குக்கூட இப்படிப் படித்ததில்லை. மூன்றாம் மாடியில் லிஃப்டுக்குள் சிக்கிய ஒருவர் கதவைத் தட்டி, "வெளியே யாராவது இருக்கீங்களா?" என்று அலறியபோது, "நாப்பத்தொண்ணு, தப்பு!" என்று பதில் கொடுத்தார். மேனேஜர் ஒரு வாரம் விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அப்பா இன்னும் அதிகமாகப் படித்தார்.

அம்மா காய் நறுக்கியபடி கேள்வி கேட்டாள். "வாய்ப்பேச்சிலே செய்த ஒப்பந்தமும் செல்லும்."

"சரி!"

"கையெழுத்தில்லாம எப்படிங்க செல்லும்? எனக்கே தப்புன்னு தெரியுது," என்று பூரித்துப் போனாள் அம்மா. "ரொம்ப நல்லா பெயிலாவீங்க."

மகள் பெருமையாகத் தலையாட்டினாள்.

இருவருடைய தேர்வு முடிவும் ஒரே நாளில் வந்தது. அப்பாவும் மகளும் நெட் சென்டருக்குப் போனார்கள். கடைக்காரர் அப்பாவின் எண்ணைத் தட்டினார்.

"அண்ணே, எழுபத்தெட்டு! நீங்க பட்டதாரி ஆயிட்டீங்க!"

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. மகள் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு. வாய்ப்பே இல்ல. ஒரு கேள்வி விடாம நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். சந்தேகம்னா என் நம்பரைப் போட்டுப் பாருங்க."

கடைக்காரர் போட்டார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இருபத்திரெண்டு. ஏம்மா, வீட்டுலயே இவ்வளவு நல்ல வாத்தியார் இருக்காரே, அவர்கிட்ட கேட்டுப் படிச்சிருக்கக் கூடாதா?"