கிணற்றுக்குள்ளிருந்து வந்த சோதனை

திடீரென்று பக்தி முற்றிவிட்ட மனுசியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது உயிருக்கு ஆபத்தானது. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த மனுசி நான்தான். ஆபத்து வந்தது என் கணவருக்கு.

நாங்கள் மயிலிட்டிக்காரர். இடம்பெயர்ந்து ஊரூராக அலைந்து, கடைசியில் ஊர் திரும்பி, பழைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு போட்டிருந்தோம். இவர் கடலுக்குப் போவார். நான் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பேன். மிச்ச நேரமெல்லாம் கைபேசிக்கு. கனடாவில் யாரோ ஒரு பிள்ளை பிறந்தநாள் கேக் வெட்டுவதை, இங்கே கறி அடிப்பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். (யாருடைய பிள்ளை என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.)

அந்த வருடம் தவக்காலத் தியானத்துக்கு வந்த சுவாமி, வீணாக்கிய நேரத்துக்கெல்லாம் ஆண்டவர் ஒருநாள் கணக்குக் கேட்பார் என்று பிரசங்கம் வைத்தார். கோவில் நிறையச் சனம் இருந்தும் அவர் என்னை மட்டுமே பார்த்துச் சொன்னதாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கைபேசியை நிறுத்தி அரிசி வாளிக்குள் புதைத்தேன். இனிப் பின்னேரம் முழுக்கச் செபம். அறைக் கதவு சாத்தப்படும். எந்தப் பராக்கும் உள்ளே வரக்கூடாது.

அத்தோடு விட்டிருந்தால் சாதாரணப் பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். நான் இரண்டு காதுகளுக்குள்ளும் பஞ்சை அடைத்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை, தண்ணீர் மோட்டர் இழுக்கவில்லை. கிணற்றுக்குள் இருந்த குழாயின் அடியில் ஏதோ அடைத்துவிட்டது. இவர் அறைக் கதவைத் திறந்து, "இஞ்சை, ஒருக்கா வாறீரே?" என்றார். அந்தச் சத்தம் பஞ்சைத் தாண்டி வந்தது. நான் கண்ணைத் திறக்காமல், ஈ விரட்டுவதுபோலக் கையை வீசினேன். எதற்குக் கூப்பிட்டார் என்று கேட்கவில்லை. இவர் போய்விட்டார். கயிற்றைப் பிடிக்கத்தான் ஆள் தேடியிருக்கிறார்.

தனியாக இறங்கியவருக்குப் பாதி வழியில் கிணற்றுச் சுவரின் கல் ஒன்று பெயர்ந்தது. விழுந்தபோது கிணற்றின் அடியில் கிடந்த பாறையில் முழங்கால் அடித்தது. பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றி நெஞ்சளவுதான் நின்றது. அதனால் பிழைத்தார். ஒற்றைக் காலில் நின்று, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூப்பிடத் தொடங்கினார்.

எனக்கு என்ன கேட்டது என்றும் சொல்லவேண்டும். செபமாலையின் நடுவில், நிலத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "றீற்றா... றீற்றா..." கிணறு அதை உருட்டி, இழுத்து, இரண்டு மடங்காக்கி அனுப்பியது. மனிதக் குரல் மாதிரியே இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் அல்ல, பெருமையில்! ஒரு மாதச் செபத்திலேயே சாத்தான் நேரில் வந்து சோதிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேனே!

"அப்பாலே போ சாத்தானே!" என்று கத்தினேன்.

குரல் ஒருகணம் நின்றது. பிறகு இன்னும் பலமாக வந்தது. நானும் விடவில்லை. அது "றீற்றா" என்றது. நான் "போ சாத்தானே" என்றேன். கடைசியில் அது ஓய்ந்தது. வென்றுவிட்டேன் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி, செபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டுச் சரசக்கா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, கடைசிப் பத்து" என்றேன்.

அவர் என் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். "எடியே, உன்ரை மனுசன் கிணத்துக்கை கிடக்கிறான்!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கீழே இவருடைய முகம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, பல் கிட்டக் கிட்ட ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

துறைமுகத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து, சாப்பாட்டுக் கதிரையைக் கயிற்றில் கட்டி இறக்கி, இவரை அதில் இருத்தித் தூக்கினார்கள். முழங்கால் சிரட்டை நொருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டுமுறை வெட்டித் தைத்தார்கள். பெரிய வெள்ளியன்று நான் கோவிலில் இல்லை. வார்ட்டில் இவருக்குக் கீழ்ச்சட்டி பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பங்குச் சுவாமி பார்க்க வந்தார். இவர் படுத்தபடியே கதையைத் தொடங்கினார். "பாதர், நான் கீழையிருந்து இவவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனான். மேலையிருந்து 'அப்பாலே போ சாத்தானே' எண்டு பதில் வருது. எனக்கே சந்தேகம் வந்திட்டுது பாதர், நான் ஆரெண்டு."

சுவாமி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் தையல் பிரியப் பிரியச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வெளியே தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து அழுதேன்.

எலும்பு கூடியது, ஆனால் கால் மடங்கவில்லை. ஆடுகிற வள்ளத்தில் மடங்காத காலை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஒருநாள் நின்று பார்த்தார். வாடைக்காற்று வீசிய காலை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே திரும்பிவிட்டார். அடுத்த கிழமை வள்ளத்தைத் தன் தம்பியிடம் கொடுத்தார். இப்போது துறைமுகத்தடியில் இருந்து மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். என்னை ஒருநாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

நான் இன்னும் செபிக்கிறேன். கதவைத் திறந்துவைத்து, பஞ்சில்லாமல். பராக்கு நிறைய வருகிறது. பூனை வருகிறது, மீன்காரன் வருகிறான், சரசக்கா கருவேப்பிலை கேட்டு வருகிறார். ஆண்டவர் கோபித்ததாகத் தெரியவில்லை.

போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், நேரத்தை நல்லவிதமாகப் பயன்படுத்துவது பற்றிப் பாடம். (ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை.) நடுவில் என் கைபேசி அடித்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்தினார்கள். எடுத்தேன்.

"சாத்தான் கதைக்கிறன்," என்றார் இவர். "கடையிலை நிக்கிறன், பாண் வேண்டவோ? கேக்குதோ?"

"கேக்குது," என்றேன். "சொல்லுங்கோ."