கணினி மையத்தில் எனக்கிருந்த நாற்காலி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சொல்லி எழுதியது. இங்கே நானும் உங்கள் மனைவியும் நலம். நலம் என்றால் உடம்பளவில்தான், பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே உங்களுக்குத் தங்குமிடம், தண்ணீர், தூக்கம் எல்லாம் குறைவில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு இதை எழுதுவது யார் என்று யோசிப்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வழக்கைக் கேளுங்கள்.

நீங்கள் பல்கலைக்கழக வேலையாக வெளியூர் போன பிறகு, கிழவன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று உங்கள் மனைவிதான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போய், தான் தலைமை வகிக்கும் கணினி மையத்தின் முன்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். இவ்வளவு வயதுக்கு மேல் இப்படி ஓர் இடம் வாய்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்து அறையில் பீரோ பீரோவாக இயந்திரங்கள், உள்ளே போனால் பல் கிடுகிடுக்கும் குளிர். மனிதர்கள் வெளியே வியர்த்து வழிய, இயந்திரத்துக்கு மட்டும் எதற்கப்பா இந்த உபசாரம் என்று கேட்டேன். அதற்குச் சூடு ஆகாதாம். அந்த நீலக் கம்பி எங்கே போகிறது, அங்கேயிருந்து எங்கே போகிறது, அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று நான் கேட்கக் கேட்க, கம்பி மாட்டுகிற தம்பி கடைசியில், "தாத்தா, அதுக்கு மேல எனக்கே தெரியாது, விட்டுடுங்க" என்று கும்பிட்டான். எனக்கோ அதற்கு மேல்தான் தெரிய வேண்டும்.

அந்தச் சமயத்தில் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்ற வேண்டும், நீளமாக இருக்க வேண்டும், பழையது கூடாது, எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. படித்துக் காட்டியவர் வரலாற்றுப் பேராசிரியர். காட்டிவிட்டு அங்கேயே நின்று தலையைச் சொறிந்தார். "பெரியவரே, உங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு மேடம் சொன்னாங்களே, நெஜமா?" என்றார். "ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்க" என்றேன். "படிக்கவும்?" "தெரியாதுங்க." "ரொம்ப நல்லதாப் போச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை, இந்தக் குறைக்காக என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. உடனே குனிந்து காதில் தன் பாஸ்வேர்டைச் சொன்னார். எழுதினால்தானே குற்றம்? சொன்னால்?

எனக்கு ஞாபகம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். லாரி ஷெட்டில் மூட்டை இறக்கிய நாளில் எந்தப் பெட்டி யாருடையது என்பதெல்லாம் இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். சேதி பரவி, வேதியியல் துறை அம்மா வந்தார், நூலகர் வந்தார், விடுதி வார்டன் வந்தார். காலையில் வந்து காதை நீட்டுவார்கள், நான் சொல்வேன், உள்ளே போவார்கள். எத்தனை விசித்திரம்! நாலு பேருக்கு நடுவில் சிரிக்காத வரலாற்றுப் பேராசிரியருக்கு நாய்க்குட்டியின் செல்லப் பெயர். வார்டனுக்கு ஒரு பெண் பெயர். அவர் மனைவி பெயர் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மூட்டைக்காரன் கேட்கக் கூடாது. நீங்கள் பஸ் ஏறும் முன் என் காதில் சொல்லிவிட்டுப் போனதையும் நேற்றுவரை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

கெட்ட நேரம், எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை வாசலில் பேராசிரியர்கள் வரிசை. கையில் ஆரஞ்சு, ஆப்பிள். உங்கள் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, உங்க மேல இவங்களுக்கு எவ்ளோ பாசம் பாருங்க!" என்றாள். ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காதோரம் குனிந்து, கேட்டுக்கொண்டு போனார்கள். வார்டன் மட்டும் மனைவியோடு வந்தார். காய்ச்சல் மயக்கம், ஷெட்டில் கத்திப் பழகிய தொண்டை வேறு. அவர் குனிந்ததும் அந்தப் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

வார்டன் மனைவி, "யாருங்க அது?" என்றார்.

"பாஸ்வேர்டும்மா" என்றார் வார்டன்.

"அது புரியுது. ஆள் யாரு?"

அந்த வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது. இந்த வீட்டில் உங்கள் மனைவி என் கட்டில்மேல் உட்கார்ந்து விசாரணை நடத்தினாள். "அப்பா, வார்டன் பேர்ல உள்ள பூந்து எவனாவது ஒரு மிரட்டல் கடிதம் அனுப்பினா யாரைப் புடிப்பாங்க?" "வார்டனை." "அனுப்பினவன்?" "ஜாலியா இருப்பான்." "இப்பப் புரியுதா?" புரிந்தது, மாப்பிள்ளை. நான் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் வம்பிழுத்தால் அடி உங்களுக்கு விழும். "அடுத்தவங்க கணக்குல யாரு நுழைஞ்சாலும் அந்தக் கணக்கை முடக்கிட்டு, உரியவரை நேர்ல வரவழைச்சு விசாரிப்பேன். என் வீட்டு ஆளுன்னும் பார்க்க மாட்டேன்" என்றாள். அன்றே இங்கிருக்கிற எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்றினார்கள். சுவரில் "வாயாலும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது" என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. என் ஒருவனுக்காக ஒரு விதி! அதில் கொஞ்சம் பெருமைதான். ஆனால் நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

இப்போது வீட்டில் சுவரைத்தான் பார்க்கிறேன். நீலக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாமலே போய்விடுவேனோ என்றிருக்கிறது. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அப்பா திருந்திவிட்டார், இனி அடுத்தவர் பாஸ்வேர்டு பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லி, என் நாற்காலியைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஆயுளும் நிறைந்த நிம்மதியும் உங்களைச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் மாமனார்

பின்குறிப்பு: எழுதுவது யார் என்று சொல்கிறேன் என்றேனே, நூலகத்துக் கம்ப்யூட்டர்தான். ரேடியோ செய்தி மாதிரி நிறுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, என்ன ஆச்சரியம்! வீட்டுக்குப் போகப் பயந்து இங்கேயே கிடக்கிற வார்டன்தான் திறந்து கொடுத்தார். அவருக்குத் தன் புதுப் பாஸ்வேர்டு அதற்குள் மறந்துவிட்டது. ஊரில் இல்லாததால் மாற்றாமல் விட்டது உங்களுடையது ஒன்றுதான். நான் சொன்னேன், அவர் தட்டினார். அதனால் இந்தக் கடிதம் உங்களிடமிருந்தே உங்களுக்கு வரும், பதற வேண்டாம். இதோ உங்கள் மனைவி வேகமாக வருகிறாள். என் வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார், இங்க அவர் பேர்ல உக்காந்திருக்கறது யாரு. நான்தாம்மா. அப்பா எழுந்திருங்க. சட்டைதாம்மா அவரோடது, வாய் என்னோடது. வார்டன் சார் நீங்களுமா. மாப்பிள்ளை, யார் பேசினாலும் இது எழுதிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கணக்கை இப்போதே முடக்குகிறாளாம், நேரில் வந்து விசாரணைக்கு நின்றால்தான் இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க முடியுமாம். நாற்காலி கிடைத்துவிட்டது, அவள் மேஜைக்கு நேர் எதிரில், அவள் கண் பார்வையில். சீக்கிரம் வாருங்கள், பக்கத்திலேயே உங்களுக்கும் ஒன்று போடச் சொல்கிறேன்.